ஊசிக்கு இடம்விடுதல்

சட்டையும் பனியனும் தைக்கிற பவர் மெஷினில் ஊசியின் மேல்தண்டு 1.62 மில்லிமீட்டர் தடிமன். ஊசிக்கம்பியின் துளைக்குள் செருகித் திருகு வைத்து இறுக்குகிற பகுதி அது. கேன்வாசும் ரெக்சினும் தைக்கிற ஊசியில் அதே தண்டு 2 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 0.38 மில்லிமீட்டர். மெல்லிய துணிக்கென்று எங்கோ செய்த மெஷின், பழனிமலையில் ஒரு பொதிக்குதிரையின் சேணத்தைத் தைக்குமா தைக்காதா என்ற கேள்வி அந்த 0.38-ல் தொடங்குகிறது.

மலைக்கு வேண்டிய தையல் வேறு. இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் கொடைக்கானல். ஜீப்பின் படுதா, கடை முகப்பில் இழுத்துக் கட்டும் தார்ப்பாய், பூண்டும் கேரட்டும் இறக்குகிற லாரியின் மேல்மூடி, ஏரியைச் சுற்றி வாடகைக்கு ஓடும் மட்டக்குதிரைகளின் சேணம், மலையேறுபவர்களின் முதுகுப்பை எல்லாமே தடித்த நூல் கேட்பவை. வட்டக்கானலுக்குக் கீழே சரிவில் இருக்கும் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசி மூட்டை தலைமுறைகளாகக் குதிரை முதுகில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக மலையேறிய பழைய பாதை அந்தப் பக்கம்தான் போகிறது. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியபோது மோட்டார் ரோடு கிடையாது. அது 1914-ல்தான் வந்தது. அதுவரை மனிதர்கள் டோலியிலும், சாமான்கள் தலையிலும் முதுகிலும் மேலே போயின. தோலும் கேன்வாசும் சாக்கும் தாங்கித் தாங்கித்தான் இந்த மலையில் ஊர் உண்டானது. அவற்றைத் தைத்த கைகளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்தக் கைகளில் இருந்தது கோணி ஊசி. ஒரு விரல் நீளத்துக்கு மேலே, முனை தட்டையாக, லேசாக வளைந்து இருக்கும். மூட்டை வாயைத் தைக்கவும் சேணத்து மெத்தையை ஒட்டுப்போடவும் இன்றும் அதுதான். கைத்தையலுக்கு ஒரு பெருமை உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுத்துத் தைக்கிற சேணத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியில்லை. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்பதால், ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தால் வரிசையாகக் கழன்றுகொண்டு போகக்கூடும். அதனால் உயிர் தாங்கும் வாரை, முக்கியமாக வயிற்றுவாரை, மெஷினில் மட்டும் தைத்துக் கொடுப்பது தப்பு என்று நினைக்கிறவர்களோடு நான் உடன்படுகிறேன். மெத்தைக்கும் படுதாவுக்கும் பைக்கும் மெஷின் போதும். ஒரு நாளில் முடிகிற வேலையை ஒரு வாரம் இழுக்க யாராலும் முடியாது.

திருப்பூரில் உழைத்து ஓய்ந்த ஒற்றை ஊசி மெஷின்கள் கைமாறிக் கைமாறிச் சிற்றூர்களுக்கு வருவது வழக்கம். ஜூக்கி டி.டி.எல். 8700 அந்த வகையில் பெயர்பெற்றது. நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போகும். தையலின் அதிகபட்ச நீளம் 4 மில்லிமீட்டர். கெட்டித் துணிக்கென்று அதே மாதிரியில் 5 மில்லிமீட்டர் தைக்கும் இன்னொரு வகையையும் அந்தக் கம்பெனியே செய்கிறது. ஆனால் பழைய விலைக்குக் கையில் கிடைப்பது சட்டை தைத்த மெஷின்தான். மலையடிவாரத்தில் பை தைப்பவரும் சீட் கவர் தைப்பவரும் அதை வாங்கிவந்துவிட்டு, பெரிய ஊசி போடவேண்டும் என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்கள்.

வத்தலக்குண்டில் அப்படியொரு பட்டறையில் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வயதான மெக்கானிக். ஊசியைப் பெரிதாக்குவது கஷ்டமா என்று கேட்டேன்.

“ஊசியப் பெருசாக்குறதுல ஒண்ணுமில்ல தம்பி. கடையில பெரிய ஊசி கெடைக்கும், வாங்கிப் போட்டுறலாம். அது வந்து எறங்குறதுக்கு மத்ததெல்லாம் எடம்விடணும்ல, அதுதான் வேல.”

அவர் சொன்ன ‘மத்ததெல்லாம்’ என்ன என்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அதில்தான் இந்த விஷயத்தின் அழகு இருக்கிறது.

முதலில் ஊசிக்கம்பி. சட்டை மெஷினுக்குரிய 16×231 ஊசிக்கும், கெட்டி வேலைக்குரிய 135×5 ஊசிக்கும் தண்டின் அடியிலிருந்து கண் வரையிலான நீளம் கிட்டத்தட்ட ஒன்றே, 34 மில்லிமீட்டரை ஒட்டி. தண்டுதான் தடிமன். அதனால் துளையை 2 மில்லிமீட்டராக்கினால் போதும். உயரக் கணக்கு அவ்வளவாக மாறாது. ஆனால் ஊசிக்கம்பி கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும், அல்லது முறியும். துளை நூலிழை அளவு சாய்ந்தாலும் ஊசி சாய்ந்து இறங்கும். நல்ல மெக்கானிக் துளைபோட மாட்டார். 2 மில்லிமீட்டர் துளையோடு வரும் கம்பியை வாங்கி மாற்றுவார். 135×17 என்ற இன்னும் நீளமான ஊசி உண்டு. சோபா, கார் சீட் வேலைக்காரர்கள் பயன்படுத்துவது. சுமார் 5 மில்லிமீட்டர் நீளம் கூடுதல் என்பதால் கம்பியையே அந்த அளவுக்கு மேலேற்ற வேண்டும். சின்ன மெஷினுக்கு அது பெரும்பாலும் முடியாத காரியம்.

மெல்லிய தண்டிலேயே தடித்த ஊசி கிடைக்காதா என்றால், கிடைக்கும். அங்கேதான் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நாலு மடிப்புக் கேன்வாசில் இறங்கும்போது மேலே 1.62-ல் பிடித்திருக்கிற ஊசி வளையும். வளைந்த ஊசி, துணிக்கு அடியில் இருக்கும் பிளேட்டில் முட்டும். முறிந்த துண்டு எங்கே தெறிக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

அடுத்தது கொக்கி. தையல் மெஷினின் உயிர் அங்கே இருக்கிறது. ஊசியின் முன்பக்கம் நீளமான பள்ளம். நூல் அதற்குள் பதுங்கி இறங்கும். பின்பக்கம், கண்ணுக்குச் சற்று மேலே, ஒரு சிறு குழிவு. ஊசி அடிவரை போய்விட்டு மேலே திரும்பி சுமார் 2 மில்லிமீட்டர் ஏறும்போது, துணியோடு உரசி நிற்கும் நூல் கூடவே ஏற முடியாமல் பின்பக்கம் சின்னக் கண்ணியாகப் புடைக்கும். சுழன்று வரும் கொக்கியின் மூக்கு சரியாக அந்த நொடியில் அந்தக் குழிவுக்குள் புகுந்து கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். மூக்குக்கும் ஊசிக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி 0.05-லிருந்து 0.1 மில்லிமீட்டர். ஒரு முடியின் தடிமன்.

ஊசி எண்ணைப் பாருங்கள். 14-ஆம் நம்பர் ஊசியை 90 என்றும் எழுதுவார்கள். ஊசியின் உடல் 0.90 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 22-ஆம் நம்பர் 140, அதாவது 1.40. 14-லிருந்து 22-க்குப் போனால் விட்டத்தில் அரை மில்லிமீட்டர், கொக்கி வரும் பக்கத்தில் கால் மில்லிமீட்டர் கூடுகிறது. இருந்த இடைவெளியோ அதில் பாதிகூட இல்லை. கொக்கியை நகர்த்தாமல் ஊசியை மட்டும் மாற்றினால் கொக்கியின் மூக்கு நேராக ஊசியில் மோதும். ஒன்று ஊசி முறியும், இல்லை மூக்கு மழுங்கும். மூக்கு மழுங்கினால் அதற்குப் பிறகு அந்த மெஷின் எந்தத் துணியிலும் தையல் விடும்.

அதனால் கொக்கியின் திருகுகளைத் தளர்த்தி, அதன் சுழல்தண்டிலேயே ஒரு மயிரிழை தள்ளி வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். தள்ளி வைக்கும்போது கொக்கி கண்ணியைப் பிடிக்கும் நேரமும் பிசகக் கூடாது. வத்தலக்குண்டு மெக்கானிக் இதைச் செய்யும்போது பேசவே மாட்டார். விளக்கைச் சாய்த்துவைத்து, நூல் கோத்த ஊசியை இறக்கி, கண்ணி புடைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணி தட்டையாக வந்தால் இன்னும் கொஞ்சம் ஏறவிடுவார். ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு சாய்ந்தால் நூலையே மாற்றச் சொல்வார். இத்தனை கவனமாக ஒருவர் எதையாவது பார்த்து நான் அதிகம் கண்டதில்லை. இலக்கியக் கூட்டங்களில்கூட.

பிறகு பிளேட். ஊசி இறங்கும் துளை பெரிதாக வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் பெரிதாகக் கூடாது. துளை பெரிதானால் மெல்லிய துணியை ஊசியே உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சிக்கவைக்கும். பல்லின் நடுவேயும், துணியை மேலிருந்து அழுத்தும் பாதத்திலும் ஊசிக்கு வழி வேண்டும். பல் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும், கெட்டித் துணியைக் கடித்து நகர்த்த. டென்ஷன் ஸ்பிரிங் தடித்த நூலைத் தாங்க வேண்டும். சட்டை நூல் பொதுவாக டெக்ஸ் 30-க்குள் இருக்கும். ஆயிரம் மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்பதுதான் டெக்ஸ் கணக்கு. 22-ஆம் நம்பர் ஊசிக்கு வரும் நூல் டெக்ஸ் 135. நாலு மடங்குக்கு மேல். பாபினில் கொஞ்சம்தான் சுற்ற முடியும். படுதாவின் ஒரு ஓரம் முடிவதற்குள் தீர்ந்துபோகும். இதற்கு வைத்தியம் கிடையாது, சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தையலின் நீளமும் மாற வேண்டும். தடித்த ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்தால் ரெக்சின் தபால்தலை ஓரம்போல் ஆகி, இழுத்த இழுப்பில் கிழியும். பெரிய ஊசி பலம் தரும் என்று நம்பி வந்தவர்கள் பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். துளை பெரிதாகப் பெரிதாக அவை தள்ளித் தள்ளி நிற்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய கிளட்ச் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மிதியை லேசாக அழுத்தித் தையலை அடக்குவது காலின் பழக்கம். இப்போது வரும் சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும், எவ்வளவு மெதுவாக வேண்டுமோ அவ்வளவு மெதுவாக. கெட்டித் தையலுக்கு அது பெரிய வரம். பழையதே நல்லது என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் 5,000 தையல் வேகத்துக்காகச் செய்த மெஷின் மேல்பாகங்களுக்குத் தானே எண்ணெய் ஏற்றிக்கொள்வதும் அந்த வேகத்தை நம்பித்தான். மெதுவாக ஓட்டினால் பம்ப் ஒழுங்காக ஏற்றாது. எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் தூரத்தில் எங்கோ இருக்கிற இன்னொன்றும் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் சரியான பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது: முடிச்சு எங்கே நிற்கிறது என்பது. மேல்நூலும் கீழ்நூலும் கோத்துக்கொள்ளும் இடம் துணியின் தடிமனுக்கு நடுவே மறைந்திருக்க வேண்டும். மேல்நூல் தளர்ந்தால் முடிச்சு அடிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். சட்டையில் அது பார்க்க அசிங்கம், அவ்வளவே. சேணத்து மெத்தையில் அடிப்பக்கம் என்பது குதிரையின் முதுகு. மூட்டை ஏற்றிக்கொண்டு சரிவில் மணிக்கணக்காக இறங்கும்போது வியர்வையில் ஊறிய தோலின்மேல் டெக்ஸ் 135 நூலின் முடிச்சுகள் வரிசையாக உரசும். முதலில் மயிர் கொட்டும், பிறகு தோல் வழலும், பிறகு புண். குதிரை வாய்விட்டுச் சொல்லாது. நான் போயிருந்த ஒரு காலையில் வத்தலக்குண்டு பட்டறைக்கு ஒரு குதிரைக்காரர் மெத்தையோடு வந்திருந்தார். மெக்கானிக் தைத்துப் பார்த்த துண்டைத் திருப்பி, அடிப்பக்கத்தைத் தன் உள்ளங்கையால் தடவாமல், முன்கையின் உள்பக்கத்தால் தேய்த்துப் பார்த்தார். “கை காய்ச்சுப் போச்சு, இதுல தெரியாது” என்றார். மேல்நூல் திருகைக் கால் சுற்று இறுக்கி மறுபடி தைத்தார். மறுபடி தேய்த்தார். கூலி என்னவோ அதேதான்.

தையல் மெஷின் காந்தியின் பேச்சிலும் ஒருமுறை வந்தது. 1924-ல் தில்லியில் அவரிடம் ஓர் இருபது வயது இளைஞர் இயந்திரங்களைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டார். சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன். அந்த உரையாடலை மகாதேவ் தேசாய் எழுத, அவ்வாண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்தது. எல்லா இயந்திரத்துக்கும் தாம் எதிரி இல்லை என்று சொன்ன காந்தி, விலக்காக எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் மெஷினை. கையால் தைத்துத் தைத்து மனைவி படும் பாட்டைப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்றார். அப்படியென்றால் அந்த மெஷினைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார் ராமச்சந்திரன். ஆமாம், அது அரசுடைமையாக இருக்கட்டும் என்பது காந்தியின் பதில்.

அந்த ராமச்சந்திரன் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் வந்து சேர்ந்தார். 1947-ல் அவரும் அவர் மனைவி டாக்டர் சௌந்தரமும் சின்னாளபட்டியை ஒட்டிக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம், மதுரையில் பஸ் சர்வீஸ் நடத்திப் பெயர்பெற்ற டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். மோட்டாரும் பட்டறையும் அறிந்த வீடு. காந்திகிராமத்துக்குக் கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர். இயந்திரத்தைப் பற்றி காந்தியிடம் அந்தக் காலத்தில் கேட்கப்பட்ட கூர்மையான கேள்விகளில் ஒன்றைக் கேட்டவர் வாழ்ந்து வேலைசெய்த மண் இது என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

காந்தி சொன்ன சிங்கரின் மனைவி கதை உண்மையல்ல. அதுபோன்ற கதை, 1846-ல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற எலையாஸ் ஹோவைப் பற்றித்தான் வழக்கமாகச் சொல்லப்படுவது. ஐசக் சிங்கர் நாடக நடிகர். 1850-ல் பாஸ்டன் நகரில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் இருந்தபோது, அங்கே செய்தும் பழுதுபார்த்தும் கொண்டிருந்த வேறொருவருடைய தையல் மெஷினைப் பார்த்தார். அதில் ஷட்டில் வட்டமாகச் சுற்றும், வளைந்த ஊசி படுக்கைவாட்டில் குத்தும். ஷட்டில் நேர்கோட்டில் போய்வரட்டும், ஊசி நேராக நின்று மேலும் கீழும் இறங்கட்டும் என்று மாற்றினார். 1851 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. காந்தி விலக்குக் கொடுத்த மெஷின் பிறந்தது, இன்னொருவர் மெஷினின் ஊசியை மாற்றிப்போட்ட ஒரு பட்டறையில்.

எனக்கு இது வெறும் சரித்திரத் திருத்தம் இல்லை. ராமச்சந்திரன் வீட்டையும் தொழிற்சாலையையும் எதிரெதிரே வைத்துக் கேட்டார். காந்தியும் அந்த இரண்டையும் வைத்தே பதில் சொன்னார். நடுவே மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. தொழிற்சாலை செய்து முடித்துவிட்டதைத் திறந்து, இந்த ஊருக்கும் இந்தச் சுமைக்கும் ஏற்ப மறுபடி செய்கிற இடம். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் கில்போவியில் 1885 முதல் ஓடிய சிங்கர் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. அங்கே செய்த 29-கே என்ற செருப்புத் தையல் மெஷின், நீளமான ஒல்லிக் கையும் எந்தத் திசைக்கும் திரும்பும் பாதமுமாக, இன்னும் பட்டறைகளில் ஓடுகிறது. பிறந்த இடம் போய்விட்டது, திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இருப்பதால் மெஷின் இருக்கிறது. ஒரு மெஷின் யாருடையது என்பதை வாங்கிய ரசீது தீர்மானிப்பதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைத் திறக்கவும் தன் தேவைக்கு மாற்றவும் பக்கத்தில் ஆள் இல்லையென்றால், வீட்டில் இருந்தாலும் அது அந்நியப் பொருள்தான்.

மாற்றக் கூடாத மெஷினும் உண்டு. ரவிக்கையும் தைக்கவேண்டும், படுதாவும் தைக்கவேண்டும் என்று கேட்டு வருபவர்களை அந்த மெக்கானிக் திருப்பி அனுப்பிவிடுவார். பிளேட்டையும் பல்லையும் மாற்றிய மெஷின் ரவிக்கைத் துணிக்குத் திரும்பவேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கொக்கி அத்தனை முறை நகர்ந்தால் நேரம் நிற்காது. “ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா” என்று அவர் ஒரு பெண்ணிடம் சொன்னபோது, அந்த அம்மாவின் முகம் வாடியது. அவருக்கு இரண்டும் வேண்டும். இரண்டு மெஷினுக்குப் பணம் இல்லை. எந்தத் திறமையாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு அரசு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. நல்ல திட்டம். அதோடு ஒரு திருப்புளியும் ஒரு காலைப்பொழுதும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். பிளேட்டைக் கழற்றி, பாபின் கேஸை எடுத்து, ஊசியில் நூல் கோத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, கண்ணி புடைக்கிற இடத்தையும் கொக்கியின் மூக்கு அதைப் பிடிக்கிற இடத்தையும் ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்க்கும் வரை அந்தக் காலைப்பொழுது நீளட்டும். கற்றுக்கொடுக்க வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் பெரியகுளத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். பலருக்கு வயதாகிவிட்டது. அவர்களைப் பட்டறையிலிருந்து அழைத்துவந்து, ஐ.டி.ஐ. ஆசிரியர்களுக்குக் கொடுப்பதுபோல் சம்பளம் கொடுத்து உட்காரவைக்க வேண்டும், இப்போதே.